ஏரிக்கரை ஊரும் கால்வாய் வெட்டிய கைகளும்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பதுதான். கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று பட்டியல் போடுவோம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள், வெளிநாட்டில் உறவினர் இருக்கும் ஊரைத் தேடிப் போவார்கள். கனடாவில் டொராண்டோ நகரத்தில் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள் என்பதால், நம் நாட்டிலிருந்தும் பலர் அங்கே போய் வருகிறார்கள். போகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன்.

இரண்டாம் தடவை போனபோது, அங்கே குடியிருக்கும் என் மைத்துனர், "அத்தான், கூட்டம் இல்லாத ஓர் இடத்திற்குக் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லி ஓர் ஏரிக்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார். அந்த ஊரின் பெயர் வெஸ்ட்போர்ட். ஒண்டாரியோ மாநிலத்தில், ரீடோ கால்வாய் என்னும் பழைய நீர்வழியின் ஓரத்தில் இருக்கிறது. ஓய்வெடுக்கத்தான் போனேன். ஆனால் அங்கே பார்த்ததும் கேட்டதும் நம் தோட்டப்புற வரலாற்றையே எனக்கு நினைவூட்டிவிட்டன. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

ஊர் எப்படி இருக்கிறது?

வெஸ்ட்போர்ட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 600 பேர்தான். நம் கணக்கில் ஒரு நடுத்தரத் தோட்டத்து மக்கள்தொகை. கோடைக்காலம் வந்துவிட்டால் படகுகளிலும் கார்களிலும் ஆட்கள் வந்து நிறைந்துவிடுகிறார்கள். கரையில் படகுத்துறை, அதற்குப் பின்னால் இரண்டு மூன்று கடைத்தெருக்கள், தங்கும் விடுதிகள், ஐஸ்கிரீம் கடை, பழைய கல் வீடுகள். சுற்றி முடிக்க அரை மணி நேரம் போதும்.

ஊருக்குப் பின்னால் ஃபோலி மலை என்ற பாறை மேடு சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் 'ஸ்பை ராக்' என்னும் பாறையில் நின்று பார்த்தால் ஊரும் துறையும் ஏரியும் காலடியில் தெரியும். அந்த ஏரிக்கு மேல் ரீடோ ஏரி என்று பெயர். இந்த நீர்வழி முழுவதிலும் மிக உயரமான இடத்தில் இருப்பது இந்த ஏரிதான். இங்கிருந்து ஒரு பக்கம் ஒட்டாவா நகரத்தை நோக்கி 31 படிகளும், மறுபக்கம் கிங்ஸ்டன் நகரத்தை நோக்கி 14 படிகளும் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீருக்குப் படியா என்று கேட்பீர்கள். அதைப் பிறகு விளக்குகிறேன்.

போருக்காக வெட்டிய வழி

இவ்வளவு அமைதியான இடம் எதற்காக உருவானது தெரியுமா? போருக்காக!

1812-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. அப்போது கனடா பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடு. மொண்ட்ரியாலிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படைவீரர்களும் வெடிமருந்தும் உணவும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியாகவே போக வேண்டும். அந்த ஆற்றின் எதிர்க்கரை அமெரிக்காவுக்குச் சொந்தம். எதிரி அக்கரையில் இருந்து பீரங்கி வைத்தால் வழி அடைபட்டுவிடும். ஆகவே போர் முடிந்த பிறகு, எல்லையை விட்டு விலகி உள்நாட்டின் வழியாகவே ஒரு நீர்ப்பாதை வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது.

அந்தப் பொறுப்பு 1826-இல் ஜான் பை என்ற இராணுவப் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1832 மே மாத இறுதியில் கிங்ஸ்டனிலிருந்து ஒரு நீராவிப் படகு அவரையும் அவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. 202 கிலோமீட்டர் நீளம், சுமார் 50 அணைகள், 47 கல் தொட்டிகள். ஏறக்குறைய ஆறே ஆண்டுகளில், காட்டுக்குள், மண்வெட்டியும் கோடரியும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு முடித்த வேலை இது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. வெள்ளைக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அல்கோன்குவின் முதலிய பூர்வகுடி மக்கள் இந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் தோணியில் போய் வந்தார்கள். வழி அவர்களுடையது. அணை கட்டி அதைப் பெரிய படகு போகும் வழியாக மாற்றியது பிரிட்டிஷ் இராணுவம்.

படகு படியேறும் விதம்

சரி, தண்ணீர் எப்படிப் படி ஏறும்? பள்ளிப் பிள்ளைகள் இதைக் கவனித்துக் கேளுங்கள்.

ஆறு சரிவில் இறங்கும் இடத்தில் தண்ணீர் பாறையில் மோதி ஓடும். படகு போக முடியாது. அங்கே ஓர் அணையைக் கட்டினால் மேலே தண்ணீர் தேங்கி ஆழமாகிவிடும். இந்தக் கால்வாயின் பெரும்பகுதி இப்படித் தேக்கிய ஆறும் ஏரியும்தான். கையால் தோண்டிய பகுதி 202 கிலோமீட்டரில் சுமார் 19 கிலோமீட்டர் மட்டுமே.

அணைக்கு மேலே உள்ள நீர்மட்டம் உயரம், கீழே உள்ளது தாழ்வு. இரண்டுக்கும் நடுவில் கல்லால் ஒரு நீண்ட தொட்டியைக் கட்டி, இரண்டு முனையிலும் கனத்த மரக்கதவு போட்டிருக்கிறார்கள். இதைத்தான் அங்கே 'லாக்' என்கிறார்கள். நாம் மதகுத்தொட்டி என்று சொல்லிக்கொள்வோம். கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். மேல்பக்கத்து மதகைத் திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும். தண்ணீர் ஏற ஏற, படகும் மிதந்து மேலே வரும். மேல் ஏரியின் மட்டத்துக்குத் தொட்டி நிரம்பியதும் முன்கதவைத் திறப்பார்கள். படகு போய்விடும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். தண்ணீரை ஏற்றி இறக்க இயந்திரமும் இல்லை, பம்பும் இல்லை. மேலே இருக்கும் தண்ணீர் தன் எடையாலேயே கீழே வருகிறது; அவ்வளவுதான்.

கதவுகள் இரண்டும் ஒன்றோடொன்று நேராகச் சேராமல், மேல்பக்கம் பார்த்துக் கூராகச் சேரும். ஆகவே தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். ஒரு சில இடங்களைத் தவிர, மற்ற எல்லா இடங்களிலும் இன்றைக்கும் பணியாளர்கள் இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கதவைத் திறக்கிறார்கள். கரையில் நின்று அதைப் பார்க்கும்போது பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுகிறார்கள்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு முறை தொட்டியைத் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும். மேல் ரீடோ ஏரியோ உச்சியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீரை இழக்கிறது. வெஸ்ட்போர்ட்டுக்கு மேலே உள்ள சிறு ஏரிகளில் சேர்த்து வைக்கும் தண்ணீர் இறங்கி வந்து அந்த இழப்பை ஈடு செய்கிறது. உச்சியில் நீர் வற்றினால் வழி முழுவதும் நின்றுவிடும்.

ஏரியை இரண்டாக்கிய கதை

வெஸ்ட்போர்ட்டிலிருந்து காரில் சற்று நேரம் போனால் நியூபரோ என்ற சிற்றூர். கால்வாய் வேலையிலேயே மிகக் கடினமான இடங்களில் ஒன்று இது. ரீடோ ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையில் ஒரு குறுகிய நிலத்திட்டு. அதைத் தோண்டினால் இரண்டு ஏரிகளும் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். மேலே மண், தோண்டத் தோண்டக் கீழே கெட்டிப் பாறை. குத்தகை எடுத்தவர்களால் முடியவில்லை, கைவிட்டார்கள். கடைசியில் இராணுவப் பொறியாளர் படையின் ஒரு பிரிவையே கொண்டுவந்து இறக்கினார் ஜான் பை.

அப்போதும் பாறை குறையவில்லை. ஆகவே அவர் வேறு வழி யோசித்தார். "பாறையை ஆழமாக வெட்ட முடியவில்லை என்றால், ஏரியின் மட்டத்தை உயர்த்திவிட்டால் என்ன?" ரீடோ ஏரி இடுப்புப் போல் குறுகும் இடத்தில் ஓர் அணையும் மதகுத்தொட்டியும் கட்டினார். அந்த இடத்துக்கு 'நேரோஸ்' என்று பெயர். ஒரே ஏரியாக இருந்தது இரண்டாகிவிட்டது. மேலே உள்ள பகுதியில் தண்ணீர் மூன்றடி அளவு உயர்ந்தது. நியூபரோவில் வெட்ட வேண்டிய பாறை அந்த அளவுக்குக் குறைந்தது. அதாவது, வெஸ்ட்போர்ட்டின் விடுதிச் சன்னலிலிருந்து நாம் இரசித்துப் பார்க்கிற அந்த ஏரி, மனிதர்கள் பாறையோடு போராடி முடியாமல் கண்டுபிடித்த ஒரு மாற்றுவழி.

காய்ச்சல் காலம்

பாறையை விடவும் கொடிய எதிரி ஒன்று அங்கே இருந்தது. அதுதான் மலேரியா. நம் பெரியவர்கள் முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்பார்களே, அதே நோய்.

பனி விழும் கனடாவில் மலேரியாவா என்று நான் வியந்து போனேன். உண்மைதான். குளிர் நாடுகளிலும் பிழைத்திருக்கக்கூடிய ஒரு வகை மலேரியாக் கிருமி உண்டு. அது மனித உடலில் ஈரலுக்குள் ஒளிந்து கிடந்து, அடுத்த கோடையில் மறுபடியும் தலைகாட்டும். அதைச் சுமந்து செல்லும் அனோபிலிஸ் கொசு அந்த வட்டாரத்துச் சதுப்பு நிலங்களில் இருந்தது. இந்தியாவில் பணியாற்றிய சிப்பாய்கள்தான் இந்த நோயைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை அங்கே வழங்கி வருகிறது. ஆனால் கால்வாய் வேலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே குடியேறியவர்கள் இந்தக் காய்ச்சலால் அவதிப்பட்டிருக்கிறார்கள். பழியை இந்தியாவின் மேல் போடுவதற்கு இடமில்லை.

1828-ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில் காய்ச்சல் பரவி வேலைத்தளங்கள் முடங்கின. ஜான் பையும் படுக்கையில் விழுந்து பிழைத்தார். தொழிலாளர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வறுமைக்குத் தப்பி வந்தவர்களும் பிரெஞ்சு கனடியர்களும். கொயினா மருந்து 1820-இலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் விலை அதிகம். கூலிக்காரனுக்கு எட்டவில்லை. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். கொசுதான் காரணம் என்பது தெரியவே இல்லை. ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் இந்தியாவில், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-இல்தான்.

கால்வாய் வேலையில் சுமார் 1000 பேர் இறந்திருப்பார்கள் என்றும், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது மலேரியா என்றும் வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மற்றவர்கள் பாறை வெடித்தும், தண்ணீரில் மூழ்கியும், வேறு நோய்களாலும் இறந்தவர்கள். கணிப்பு என்று ஏன் சொல்கிறேன்? முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. பொறியாளரின் கணக்குப் புத்தகத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் கணக்கு இருந்தது. குத்தகைக்காரரிடம் வேலை செய்த கூலிக்காரன் இறந்தால் எழுதி வைக்க ஆள் இல்லை.

நியூபரோவில் அந்தக் காலத்து இடுகாடு இருக்கிறது. சில கற்கள் நிற்கின்றன. அங்கே புதைக்கப்பட்ட பலருக்குக் கல்லே இல்லை. வெறும் புல்தரை. தொழிலாளர்களின் நினைவாக ஒட்டாவாவிலும் கிங்ஸ்டனிலும் கற்சிலுவைகள் நாட்டப்பட்டது 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். 170 ஆண்டுகள் ஆயின!

நம் வீட்டிலும் நடந்ததுதான்

அந்தப் புல்தரையில் நின்றபோது எனக்கு என் தாத்தாவின் அண்ணன் நினைவுக்கு வந்தார். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் காட்டை அழித்துக் கித்தா நட்ட காலத்தில் வந்தவர். காய்ச்சலில் போய்விட்டார். "எங்கே பெரிய தாத்தாவைப் புதைத்தார்கள்?" என்று பாட்டியிடம் சிறுவயதில் கேட்டேன். "ஆற்றோரமா ஒரு மேடு இருந்துச்சு அப்பா, இப்ப அங்க கன்னு வச்சுட்டாங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய வரலாறு.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே அங்கே மலேரியா வெடித்தது. கிள்ளானில் மருத்துவ அதிகாரியாக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து, புதரை வெட்டி, கொசு வளரும் இடத்தை ஒழித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். ராஸின் கண்டுபிடிப்பு வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குள் நம் மண்ணில் அது உயிர் காத்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் வேறொரு கொசு. அது நிழல் நீங்கிய தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டி வெயில் விழச் செய்ததே காய்ச்சலைப் பெருக்கிவிட்டது. வெட்டியவர்கள் நம்மவர்கள், விழுந்தவர்களும் நம்மவர்கள்.

கால்வாய் ஏன் பிழைத்தது?

இனி ஜான் பையின் முடிவைக் கேளுங்கள். செலவு 8 இலட்சம் பவுனைத் தாண்டிவிட்டது என்று இலண்டன் அரசு அவரைத் திருப்பி அழைத்து விசாரித்தது. பணத்தைக் கையாடினார் என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. 1836-இல் இறந்துபோனார். அவர் பெயரால் பைடவுன் என்று வழங்கிய வேலைத்தள ஊர், 1855-இல் ஒட்டாவா என்று பெயர் மாறி, பின்னர் கனடாவின் தலைநகராயிற்று.

எதிர்பார்த்த போரோ வரவே இல்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் கால்வாய்கள் கட்டி முடிக்கப்பட்டதும் சரக்குக் கப்பல்கள் அந்த நேர்வழியில் போய்விட்டன. ரீடோ கால்வாய்க்கு வருமானம் குறைந்தது. அகலப்படுத்தவோ நவீனப்படுத்தவோ பெரிதாகப் பணம் போடவில்லை. அதுவே அதைக் காப்பாற்றியது! பழைய கல், பழைய கதவு, பழைய சக்கரம் அப்படியே நின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் பயணிகள் வரத் தொடங்கினார்கள். வெஸ்ட்போர்ட் போன்ற ஊர்கள் அவர்களை நம்பி வாழக் கற்றுக்கொண்டன. 2007-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நேயர்கள் கேட்ட கேள்விகள்

பேச்சுக்குப் பிறகு அவையில் இருந்தவர்கள் சில கேள்விகள் கேட்டார்கள்.

எப்போது போகலாம்? - மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் மதகுகள் இயங்கும். மே, ஜூனில் கடிக்கும் பூச்சிகள் அதிகம். செப்டம்பர் இறுதியில் இலைகள் நிறம் மாறும், கூட்டமும் குறையும். குளிர்காலத்தில் ஒட்டாவா நகரப் பகுதியில் கால்வாய் உறைந்து, 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாகிவிடும். ஆனால் 2023 தொடக்கத்தில் பனிக்கட்டி போதாமல் அது ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. அதை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள்.

எப்படிப் போவது? - கிங்ஸ்டனிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஒட்டாவாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்தை நம்ப வேண்டாம், கார் வேண்டும்.

படகு இல்லாதவர்கள் என்ன பார்ப்பது? - மதகுத்தொட்டிகளின் கரையில் நின்று பார்க்கலாம். நேரோஸில் கையால் சுற்றுவதைப் பாருங்கள். நியூபரோவில் இயந்திரம் வைத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அந்தக் காலத்துக் காவல் கட்டடம் நிற்கிறது. கீழே கல், மேலே மரம். எதிரி வந்தால் சுடுவதற்குக் கட்டியது, எதிரி வரவில்லை.

மலேரியா இன்னும் உண்டா? - இல்லை. ஆனால் புல்வெளியில் உண்ணிகள் இருக்கின்றன. லைம் என்ற நோயைப் பரப்பக்கூடியவை. நடக்கப் போகிறவர்கள் நீளக்கால்சட்டை அணிந்து, திரும்பியதும் உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் படகில் ஏறினால் மிதவைச் சட்டை கட்டாயம்.

சைவச் சாப்பாடு? - சின்ன ஊர். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். எங்கள் மைத்துனர் மனைவி புளிச்சாதம் கட்டிக் கொடுத்தார். ஏரிக்கரை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

நேயர்களே, அழகான இடத்துக்குப் போனால் அழகை அனுபவிக்க வேண்டும். அதில் குற்றம் இல்லை. அங்கே ஓர் அறிவிப்புக் கல் இருந்தால், படம் எடுக்கும் முன் இரண்டு நிமிடம் நின்று படியுங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். கனடாவுக்குப் போக வசதி இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். நம் நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பழைய தோட்டத்து இடுகாடுகள் புதரில் மறைந்து வருகின்றன. இந்த விடுமுறையில் ஒரு நாள், உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். யார் வந்தார், எந்த ஆண்டு வந்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

என் பாட்டி இருந்தபோது நான் எழுதி வைக்கவில்லை. பெரிய தாத்தாவின் பெயர்கூட இன்று எங்கள் வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.